வாசலுக்கு மேல் ஒரு முகம்

மார்க்வில்,
1927 மார்ச் 16

சிற்பி ஒக்தாவ் வாலார் அவர்களுக்கு,

என்னை மறந்திருக்க மாட்டீர்கள். போன இலையுதிர் காலத்தில் பதினொரு வாரம் என் வீட்டு மாடி அறையில் தங்கி, நான் வைத்த சூப்பைக் குடித்துவிட்டு, எங்கள் புது நகரமன்றத்தின் முகப்பில் சிலை செதுக்கினீர்கள். நான் ஸெலி கோத்ரோன். நகரமன்றத்தைக் கூட்டித் துடைக்கிறவள்.

நேற்று செவ்வாய், சந்தை நாள். பனி விட்டதால் முகப்புச் சாரத்தைப் பிரித்தார்கள். சதுக்கம் முழுக்க ஜனம். பால்கனிக் கதவுக்கு மேலே இருந்த தார்ப்பாயை அவிழ்த்தபோது நான் முட்டைக்கோசு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று சத்தம் அடங்கிவிட்டது. மீன் விற்கிறவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அடியாத்தி, அது நம்ம ஸெலி இல்ல?"

நிமிர்ந்து பார்த்தேன். தலையில் கோட்டை மதில் போல ஒரு கிரீடம், ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் நூல் கண்டு. அடியில் "மார்க்வில்" என்று ஊர்ப் பெயர். எல்லாம் ஒழுங்கு. முகம் மட்டும் என்னுடையது. இடது கண்ணுக்கு மேலிருக்கும் தழும்பைக்கூட விட்டுவைக்கவில்லை நீங்கள்.

யாரோ ஒருவர் சிரித்தார். யாரோ துப்பினார்கள். நான் கோசை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் பட்டாணி உரிக்கும்போது எதிரே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தீர்கள். என்ன வரைகிறீர்கள் என்று கேட்டதற்கு, "கைதான்" என்றீர்கள். நம்பினேன். என்னை ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லையோ?

பதில் எழுதவும்.

ஸெலி கோத்ரோன்

*

அமியேன்,
1927 மார்ச் 20

மதிப்பிற்குரிய ஸெலி அம்மையாருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேட்காமல் செய்தது தவறு. ஆனால் அதற்காக வருந்துகிறேன் என்று என்னால் முழு மனதோடு எழுத முடியவில்லை.

போர் முடிந்த பிறகு இந்த வட்டாரத்தில் நாற்பத்து மூன்று ஊர்களுக்கு நினைவுச் சின்னம் செதுக்கிக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே பெண். நேரான மூக்கு, பாதி திறந்த வாய், அழாத கண். கண்ணை மூடிக்கொண்டே அவளைச் செதுக்குவேன். உங்கள் ஊர்க் கட்டடத்துக்கு வரைபடம் போட்ட பாரிஸ் கட்டடக் கலைஞர் அனுப்பிய தாளிலும் அவளே இருந்தாள்.

அந்தக் கட்டடத்தை நீங்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? உள்ளே முழுக்கக் கம்பி கட்டிய கான்கிரீட். வெளியே பழைய மன்றம் போலத் தெரிவதற்காகச் செங்கல் சட்டை, படிப்படியான கூம்புச் சுவர். மணிக்கூண்டில் மின்சாரக் கடிகாரம். மாடிப்படியில் மார்பிள் என்று நினைப்பது பூச்சுதான். நீங்களே ஒருநாள் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா பொய் சொல்றாங்க, ஆனா துடைக்கச் சுலபம்" என்றீர்கள். அத்தனை பொய்க்கு நடுவில் ஒரே ஒரு முகமாவது நிஜமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அக்டோபரில் மணியைச் சோதித்த நாளன்று கையில் வாளியோடு நின்று மேலே பார்த்தீர்கள். இடிந்து போய், மறுபடி எழுந்து நிற்கும் ஊருக்கு அதுதான் முகம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

துப்பினார்கள் என்கிறீர்கள். பெருமைப்பட வேண்டியதற்கு ஏன் துப்ப வேண்டும்? எனக்குப் புரியவில்லை.

தங்கள்,
ஒக்தாவ் வாலார்

*

மார்க்வில்,
1927 ஏப்ரல் 3

வாலார் அவர்களுக்கு,

புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போரின்போது நீங்கள் போர்முனைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தீர்கள். நாங்கள் இந்தப் பக்கம், ஜெர்மானியர்களுக்குக் கீழே, நான்கு வருடம். அதனால் சொல்கிறேன்.

துணை மேயர் கார்லியே, மருந்துக்கடைக்காரர், உங்களுக்குத் தெரியும். அவருடைய பெரிய வீட்டைத்தான் அதிகாரிகளின் சாப்பாட்டு விடுதியாக எடுத்துக்கொண்டார்கள். அவரையும் மனைவியையும் மாடியில் இரண்டு அறையில் தள்ளிவிட்டார்கள். அவர்களுடைய ஒரே மகன் லூசியேன் தபால் புறாக்களை ஒளித்து வைத்திருந்தான் என்று பழைய நகரமன்றத்தின் பின்முற்றத்தில் சுவரோடு நிறுத்திச் சுட்டார்கள். அது 1915. அதற்கு அடுத்த வருடம் நான் அந்த வீட்டுச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். பாத்திரம் கழுவ, உருளைக்கிழங்கு உரிக்க. தினமும் காலையில் நான் உள்ளே போவதையும் மாலையில் வெளியே வருவதையும் கார்லியே மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார்.

போர் முடிந்ததும் என்னை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. அந்த வார்த்தையைத்தான் போன வியாழக்கிழமை தாரால் என் கதவில் எழுதியிருக்கிறார்கள். இப்போது முகத்தை எடுக்கச் சொல்லி ஒரு மனு சுற்றுகிறது. முதல் கையெழுத்து கார்லியே. மன்றம் நான் பார்த்து வந்த வேலையையும் நிறுத்தி வைத்திருக்கிறது, "விஷயம் அடங்கும் வரை."

இன்னொன்றும் சொல்கிறேன். இது உங்களுக்கு மட்டும். உருளைக்கிழங்கின் தோலைத் தடிமனாகச் சீவுவேன். அதைப் பாவாடை மடிப்பில் வைத்துத் தைத்து வெளியே கொண்டு வருவேன். பக்கத்து வீட்டு பிலோமென் எனாருக்கு மூன்று குழந்தைகள், புருஷன் அல்சீத் போர்முனையில். அந்தத் தோல்தான் அவர்கள் சூப். மூன்று பேரும் பிழைத்தார்கள். இந்த ஊரில் ஒன்பது வருடமாகத் தினமும் காலையில் எனக்கு வணக்கம் சொல்கிற ஒரே ஆள் பிலோமென்தான்.

உங்களிடம் ஒரே ஒரு உதவி. மன்றத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள். அந்த முகம் செத்துப்போன உங்கள் தங்கையுடையது, ஸெலி கோத்ரோனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று. பொய்தான். ஆனால் அந்தக் கட்டடம் இன்னொரு பொய்யைத் தாங்கும்.

ஸெலி

*

அமியேன்,
1927 ஏப்ரல் 12

அன்புள்ள ஸெலி அம்மையாருக்கு,

பொய் எழுத என் கை வரவில்லை. அதைவிட நல்லதாக ஒன்றைச் செய்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. பகைவனின் சமையலறைக்குள் போய், அவன் மூக்குக்குக் கீழேயே திருடி, அடுத்தவள் குழந்தைகளைக் காப்பாற்றிய பெண்மேல் ஒன்பது வருடமாக ஒரு ஊர் துப்பிக்கொண்டிருக்கிறது! லீல் நகரில் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவருக்கு எல்லாவற்றையும் விளக்கமாக எழுதினேன். நேற்று இரண்டாம் பக்கத்தில் வந்துவிட்டது. நறுக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். "மார்க்வில்லின் முகம்" என்பது தலைப்பு. பிலோமென் எனாரின் பெயரையும் குறிப்பிட்டிருக்கிறேன், சாட்சி இல்லாமல் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால்.

இனி யாரும் உங்கள் கதவில் தார் பூச மாட்டார்கள்.

தங்கள்,
ஒக்தாவ்

*

மார்க்வில்,
1927 ஏப்ரல் 18

வாலாருக்கு,

"இது உங்களுக்கு மட்டும்" என்று எழுதியிருந்தேனே, அந்த வரி உங்கள் கண்ணில் படவில்லையா?

பத்திரிகை இங்கே சனிக்கிழமை வந்தது. மதுக்கடையில் யாரோ அல்சீத் எனாரிடம் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் நான்கு வருடம் பதுங்கு குழியில் கிடந்து, விஷ வாயுவை மூச்சில் வாங்கி, இன்றைக்கும் நாலு படி ஏறினால் நின்று இருமுகிற மனிதர். தன் பிள்ளைகள் எப்படிப் பிழைத்தார்கள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. தோட்டத்தில் விளைந்ததை வைத்துச் சமாளித்ததாக பிலோமென் சொல்லியிருந்தாள்.

நேற்று ஈஸ்டர். நடுச் சுவர் மெல்லியது, எல்லாம் கேட்டது.

"ஜெர்மன்காரன் அடுப்புல வெந்தத என் புள்ளைங்களுக்குப் போட்டியா?"

"தோலுங்க. வெறும் தோலு."

"தோலுக்கு என்ன குடுத்த? அவ குடுத்ததையே நீயும் குடுத்தியா?"

பிறகு ஏதோ உடைந்தது. இன்று காலை பிலோமென் வீட்டு ஜன்னல் திறக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பார்த்தேன். உதடு வீங்கியிருந்தது. வணக்கம் சொன்னேன். அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். எனக்கென்று இந்த ஊரில் இருந்தது அந்த ஒரு வணக்கம்தான். அதையும் எடுத்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் அச்சடித்தது உண்மையே இல்லை. நான் திருடவில்லை. சமையல்காரர் ஒருவர் இருந்தார், காஸ்பர் என்று பெயர், சாக்ஸனி நாட்டு ரொட்டிக்காரர். முதல் வாரமே என் பாவாடைத் தையலைப் பார்த்துவிட்டார். காட்டிக் கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து அவரே எனக்குக் கத்தி தீட்டிக் கொடுத்து, தோலை எவ்வளவு தடிமனாகச் சீவ வேண்டும் என்று விரலால் காட்டினார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. என் புருஷன் இறந்து அப்போது ஐந்து வருடம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஊர் என்னைப் பற்றிச் சொன்னது அத்தனையும் நிஜம்.

இதையும் பத்திரிகைக்கு அனுப்புவீர்களா?

ஸெலி

*

அமியேன்,
1927 ஏப்ரல் 27

ஸெலி,

ஒன்பது நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை என்று தெரியும். இதற்கிடையில் உங்கள் மேயர் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். கட்டுரை மாவட்ட ஆட்சியர் கண்ணில் பட்டுவிட்டதாம். முகம் இருக்கட்டும், ஜூன் ஐந்தாம் தேதி பெந்தெகொஸ்தே ஞாயிறன்று நடக்கும் திறப்பு விழாவில் உங்களைப் பால்கனியில் நிறுத்தி மலர்க்கொத்து கொடுக்கலாம் என்கிறார். உங்களிடம் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. அதற்கு நான் பதில் போடவில்லை.

உங்கள் முகத்தை நான் ஏன் எடுத்தேன் என்று மார்ச்சில் நான் எழுதியது பாதிக் காரணம். மீதியைச் சொல்கிறேன்.

நான் பீரங்கிப் படையில் சார்ஜென்ட். 1917 இலையுதிர் காலத்தில் உங்கள் ஊருக்கு மேற்கே பதினொரு கிலோமீட்டரில் இருந்தோம். தொலைநோக்கியில் பார்த்துத் தூரம் கணிப்பது என் வேலை. அந்தச் சமவெளியில் குறி வைக்க ஒன்றே ஒன்றுதான் உயரமாகத் தெரிந்தது, உங்கள் பழைய மணிக்கூண்டு. அதை வைத்துத்தான் ஜெர்மானியர் கையிலிருந்த ரயில் நிலையத்துக்குத் தூரம் கணித்தேன். முதல் மூன்று குண்டு தள்ளி விழுந்தது. மணிக்கூண்டுக்குக் கீழே கூரை பற்றி எரிவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

புது மன்றத்தின் நுழைவாயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறதே, "1917இல் பகைவன் எரித்தான், 1918இல் பகைவன் தகர்த்தான்" என்று. எழுத்து வெட்டியது நான். இரண்டாம் பாதி உண்மை, போகும்போது அவர்கள்தான் வெடி வைத்தார்கள். முதல் பாதி என் கணக்குப் பிழை. ஊரின் பிறப்பு, கல்யாணப் பதிவேடுகள் எல்லாம் எரிந்தது என்னால். மன்றம் எழுதிக் கொடுத்த வாசகத்தை ஒரு எழுத்து மாற்றாமல் வெட்டினேன்.

அதற்கு ஈடாக ஊருக்கு ஏதோ நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உங்கள் முகத்தை எடுத்திருக்கிறேன். என் கடனைத் தீர்க்க உங்களைச் செலவழித்திருக்கிறேன்.

என்ன செய்யச் சொல்கிறீர்களோ அதைச் செய்கிறேன்.

ஒக்தாவ்

*

மார்க்வில்,
1927 மே 10

ஒக்தாவ்,

உங்கள் கடிதம் வந்த அன்றே மேயரும் வந்தார், மலர்க்கொத்து விஷயமாக. "இனிமே நீங்க இந்த ஊரோட பெருமைம்மா" என்றார். போன மாதம் என் வேலையை நிறுத்தியதும் அவர்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நேற்று மாலை மன்றக் கூட்டம். புதுக் கட்டடம் திறக்கவில்லை, அதனால் இன்னும் போருக்குப் பின் போட்ட தற்காலிக மரக் கொட்டகையில்தான். வேலை இருந்தவரை, எல்லோரும் கலைந்த பிறகு துடைப்பத்தோடு உள்ளே போவது என் வழக்கம். நேற்று முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பேச வேண்டும் என்று கை தூக்கினேன்.

"பொதுஜனம் பேசற வழக்கம் இல்லையேம்மா" என்றார் மேயர்.

"எட்டு வருஷம் இந்தக் கொட்டகையக் கூட்டியிருக்கேன். ஒரே ஒரு தடவ பேசிட்டுப் போயிடறேன்."

யாரும் மறுக்கவில்லை. எழுந்து நின்றேன். "பேப்பர்ல வந்தது பொய். நான் எதையும் திருடல. சமையக்காரர் குடுத்தாரு, நான் வாங்கினேன். அவரு பேரு காஸ்பர். எனக்கு அவரு மேல ஆசை இருந்துச்சு. அதனால எனக்குப் பூவும் வேணாம், பால்கனியும் வேணாம். ஆனா பிலோமென் எதையும் யாருக்கும் குடுக்கல. அவ பசிச்ச புள்ளைங்களுக்கு சூப் வெச்சா. அவ்வளவுதான்."

கூச்சல் எழும் என்று நினைத்தேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து பிலோமென் எழுந்தாள். அவள் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. பக்கத்தில் அல்சீத்.

"இவ மிச்சத்த சொல்லல, நான் சொல்றேன். அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனு இவள அனுப்பினதே நான். புள்ளைங்க கத்தறத கேக்க முடியாம இவகிட்ட போயி, 'உனக்குப் புள்ள இல்ல, புருஷன் இல்ல, உனக்கு என்னடி போகுது, நீ போ'னு சொன்னேன். அப்புறம் ஊரே இவளத் திட்டினப்ப வாய மூடிக்கிட்டு இருந்தேன். தினம் ஒரு வணக்கம் போட்டா சரியாப் போச்சுனு நெனச்சேன்."

அல்சீத் எழுந்தார். இருமினார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பிலோமென் உட்காரவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு கார்லியே பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கு இந்தம்மா மேல வழக்கு ஒண்ணும் இல்ல. பசிக்குத்தான் போனாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா ஒருநாள் மாடில நானும் என் சம்சாரமும் லூசியேனோட சட்டைங்கள மடிச்சுப் பெட்டில வெச்சுக்கிட்டு இருந்தோம். கீழ எங்க அடுப்பங்கரையிலேருந்து சிரிப்புச் சத்தம் வந்துச்சு. இந்தம்மாவும் அவனும். நல்ல சிரிப்பு, கெட்ட சிரிப்பு எல்லாம் இல்ல, சும்மா ஏதோ விளையாட்டுக்கு. அதுல தப்பு என்னன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா அது இன்னும் என் காதுல இருக்கு. தினமும் அந்த முகத்துக்கு அடில நுழைஞ்சு போனு என்னக் கேக்காதீங்க."

நான் அந்தச் சிரிப்பை மறந்தே போயிருந்தேன், ஒக்தாவ். அவர் சொன்னதும் நினைவு வந்தது. மாவு மூட்டை கிழிந்து காஸ்பர் தலையெல்லாம் வெள்ளையாகிவிட்டது, அதற்குத்தான் சிரித்தேன். மேலே சட்டை மடித்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முகத்தை எடுக்கச் சொல்லிப் பதின்மூன்று கை, வேண்டாம் என்று எட்டுக் கை. எனக்கும் கை தூக்கும் உரிமை இருந்தால் பதின்மூன்று பதினான்காகியிருக்கும்.

உள்ளூர்க் கொத்தனாரை வைத்து உடைத்துவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். அதை மட்டும் என்னால் பார்க்க முடியாது. நீங்கள் வைத்தது, நீங்களே வந்து எடுங்கள்.

உங்கள் குண்டு விஷயம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. இந்த ஊரில் அடுத்தவர் ரகசியத்தை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்துவிட்டேன்.

ஸெலி

*

அமியேன்,
1927 மே 14

ஸெலி,

வருகிறேன். மன்றத்துக்கும் எழுதிவிட்டேன். இருபத்து மூன்றாம் தேதி சாரம் கட்டுகிறார்கள். ரயிலடி விடுதியில் அறை சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டில் இடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

நான் செய்ததிலேயே நல்ல வேலை அது. இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, வேறு யாரிடமும் சொல்ல முடியாது. இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம்.

ஒக்தாவ்

*

அமியேன்,
1927 ஜூன் 1

ஸெலி,

வேலை முடிந்து ஊர் திரும்பிவிட்டேன். நான்கு நாளும் சதுக்கத்தின் அந்தப் பக்கத்தோடே போய் வந்தீர்கள். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுவே சரி என்று எனக்கும் பட்டது.

முகத்தை இரண்டு விரற்கடை உள்ளே வாங்கி வெட்டினேன். அதற்கு மேல் போனால் கிரீடம் பிளந்துவிடும். முதலில் தழும்பை எடுத்தேன், பிறகு இமை. வாயை எடுக்க ஒரு முழுக் காலை ஆனது. இப்போது அங்கே இருப்பது என் பழைய பெண்தான், நாற்பத்து நான்காவது. ஆழம் கூடியதால் கிரீடத்தின் நிழல் அவள் மேல் விழுகிறது. காலை பத்து மணிக்கு மேல் முகமே தெரியாது.

கடைசி நாள் கார்லியே சாரத்தின் அடியில் வந்து நின்றார். வேலை முடிந்ததா என்று பார்க்க வந்தார் போல. கீழே இறங்கிப் போய், கல்வெட்டின் முன்னால் நிறுத்தி, அவரிடம் சொல்லிவிட்டேன். பழைய மன்றத்தை எரித்தது எங்கள் குண்டு, கணக்குப் போட்டது நான் என்று. மன்றத்தில் சொல்லுங்கள், கல்லைத் திருத்தித் தருகிறேன் என்றேன்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "குண்டு எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சுன்னு காது இருக்கறவனுக்கெல்லாம் தெரியும், ஐயா. நாங்க அன்னைக்கு நிலவறைல இருந்தோம். மேற்கேருந்து வந்துச்சு. ஊரே கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் இப்படி எழுதச் சொன்னீங்க?" என்றேன்.

"வாசகத்த எழுதினது நான்தான். அப்படி எழுதினாத்தான் எல்லாரும் இந்த வாசல் வழியா போக முடியும்" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். கல் தூள் அப்பியிருந்தது. "அந்தக் கல்ல விட்டுடுங்க. ஒரு வருஷத்துக்கு ஒரு முகம் போதும்" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்குப் போய்விட்டார்.

தண்டனை கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். அது கிடைக்காமல் வந்ததுதான் கனமாக இருக்கிறது.

திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. வர மாட்டேன். நீங்கள் அனுமதித்தால் எப்போதாவது எழுதுவேன்.

ஒக்தாவ்

*

மார்க்வில்,
1927 ஜூன் 22

ஒக்தாவ்,

திறப்பு விழா நடந்தது. மழை வரும் போலிருந்தும் வரவில்லை. ஆட்சியர் வந்தார், பித்தளைக் குழல் கோஷ்டி வந்தது, மேயர் நாற்பது நிமிடம் பேசினார். மலர்க்கொத்து பள்ளி ஆசிரியைக்குப் போனது. நான் கூட்டத்தில் பின்னால் நின்றேன். பிலோமென் வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு அந்தப் பக்கம் அல்சீத், நேரே பார்த்தபடி. அவர் அவளோடு பேச ஆரம்பித்துவிட்டார், உப்பைக் கொடு, கதவைச் சாத்து என்ற அளவில். என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பட்டும்.

மணி அடித்தபோது பிலோமென் மேலே பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள். "மூக்க சரியாவே வெக்கலடி அந்தாளு. என் நாத்தனா மாதிரி இருக்கா." எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கார்லியே மேடையில் இருந்தார். இனி அவர் எதிரே நான் எப்போது சிரிக்கப் போகிறேனோ தெரியவில்லை.

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. மன்றத்தில் அதை எனக்காகக் கேட்டதே கார்லியேதான் என்று எழுத்தர் சொன்னார். "தரையை அவங்கள விட சுத்தமா யாரும் துடைக்க மாட்டாங்க" என்றாராம். கல்யாணக் கூடத்தில் மரத்தரை, அதற்குத் தேன்மெழுகு. மாடிப்படிப் பூச்சுக்கு வெறும் தண்ணீர். அகலமான ஜன்னல்கள், வெளிச்சம் நன்றாக வருகிறது. பொய்க் கட்டடம்தான். ஆனாலும் ஏற ஏற எனக்குப் பிடித்துப் போகிறது.

எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள். ஆனால் என்னைப் பற்றி வேறு யாருக்கும் எதுவும் எழுதாதீர்கள். வரையவும் வேண்டாம், பட்டாணி உரிக்கும் கையைக்கூட.

இன்னொரு செய்தி. மன்றத்தில் காஸ்பர் என்ற பெயரை உரக்கச் சொன்ன பிறகு அதைத் திரும்ப உள்ளே போட்டுப் பூட்ட முடியவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் தெரிந்துகொள்ள நினைத்தேன். அவருடைய கிராமத்தின் பெயர் எனக்குக் காதால் கேட்டுத்தான் தெரியும், எழுதத் தெரியாது. உள்ளே வைக்கும் இரண்டு வரியை எங்கள் மொழியிலேயே எழுதிவிட்டேன், உறைமேல் முகவரி எழுதும் அளவுக்குக்கூட எனக்கு ஜெர்மன் வராது. இந்த ஊரில் அதை எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். நான்கு வருடம் அவர்களைத் தன் வீட்டில் வைத்திருந்தவர்.

மூன்று நாள் மருந்துக்கடையைத் தாண்டித் தாண்டிப் போனேன். நேற்று உள்ளே போய்விட்டேன். கடையில் வேறு யாரும் இல்லை. காஸ்பர் என்று பெயர் மட்டும் எழுதிய கடித உறையை மேசைமேல் வைத்துவிட்டு, கிராமத்தின் பெயரை எனக்குக் கேட்டது போலவே சொன்னேன். எதற்கு, யாருக்கு என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

உறையைத் தன் பக்கம் இழுத்தார். உள்ளே எங்கோ அவர் மனைவி பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு பேனாவை மையில் தோய்த்து, நின்றபடியே, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். மை காயும் வரை கையில் வைத்திருந்து என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்க. இதுக்காக இன்னொரு தடவ எங்கிட்ட வராதீங்க" என்றார்.

போக மாட்டேன் என்று சொன்னேன். இன்று காலைத் தபாலில் போட்டுவிட்டேன்.

ஸெலி